அப்பாவின் மலச்சிக்கலும் கை நடுக்கமும்

வணக்கம் சகோதரி. அப்பாவுக்குப் பார்க்கின்சன் (கை நடுங்கி, அசைவு மந்தமாகும் மூளை நோய்) என்று இப்போதுதான் தெரிந்தது, மலச்சிக்கலோ பத்து வருடமாக இருக்கிறது, அதை அப்போதே கவனித்திருந்தால் தடுத்திருக்கலாமோ என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். மலச்சிக்கல் உள்ள பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் வருவதே இல்லை.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் விஷயம் இருக்கிறது. ஆல்ஃபா சைனுக்ளீன் என்ற புரதம் உருமாறித் திரள்வதுதான் இந்த நோயின் அடையாளம். அது குடல் நரம்புகளில் தொடங்கி, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறலாம் என்று 2003இல் ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழு சொன்னது. டென்மார்க்கில், அல்சருக்காக அந்த நரம்பின் தண்டையே வெட்டிக்கொண்டவர்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவாக வந்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோருக்கும் குடலில்தான் தொடங்குகிறது என்று நிரூபணமாகவில்லை; சிலருக்கு மூளையிலேயே தொடங்கலாம் என்றும் கருதுகிறார்கள்.

அதனால் புரோபயாட்டிக் (குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள் கொண்ட மருந்து) நோயையே குணமாக்கும் என்று யாராவது சொன்னால் காசைக் கொட்டாதீர்கள். மலச்சிக்கலைச் சரிசெய்வது வேறு கணக்கு. வயிறு மந்தமானால், இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா சரியாக ஏறாது. அப்புறம், பருப்பின் புரதமும் அந்த மருந்தும் உடம்புக்குள் போக ஒரே வாசலுக்குப் போட்டி போடும். என் அம்மா இட்லி சாம்பாரோடு மாத்திரை போட்ட நாட்களில், பதினோரு மணி வரை புடவைக்கு ஊக்கு குத்த முடியாமல் தவிப்பார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாற்றிய பிறகு தானே குத்திக்கொண்டார். அப்பாவின் மாத்திரை நேரத்தையும், மலமிளக்கி வேண்டுமா என்பதையும் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீரும் கீரையும் மாலை நடையும் இன்றைக்கே தொடங்கலாம்.