இலக்கியக் கேள்வி – பதில்: நாற்பது கலைச்சொற்களும் ஒரு பாடலும்

கேள்வி: இளங்கலைத் தமிழ் முதலாண்டு படிக்கிறேன். கூற்று, துறை, உள்ளுறை, இறைச்சி, படிமம், தொனி என்று ஏறத்தாழ நாற்பது கலைச்சொற்களை விளக்கத்துடன் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் முன்பின் பாராத பாடலொன்றைக் கொடுத்தால், எந்தச் சொல்லை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் விழிக்கிறேன். என்ன செய்யலாம்?
– மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நாற்பதையும் ஒருபுறம் வைத்துவிட்டுக் ‘கூற்று’ என்னும் ஒன்றை மட்டும் கையில் எடுங்கள். பேசுபவர் யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்பது தெளியாமல் அகப்பாடலில் மேற்கொண்டு எதையும் சொல்ல இயலாது. பாடலோடு அச்சிட்டிருக்கும் துறைக்குறிப்பு அதைத்தான் சொல்கிறது. மாணவர் பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகின்றனர்.

‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்னும் குறுந்தொகை 40ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். திருமண அழைப்பிதழ்களில் அதை அச்சிடுமளவுக்கு அது மகிழ்ச்சிப் பாட்டாகிவிட்டது. துறைக்குறிப்போ, தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவான் என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு அவன் கூறியது என்கிறது. அதைப் படித்தபின் அடுக்கடுக்கான அந்த வினாக்கள் வியப்பாக மட்டும் ஒலிப்பதில்லை. அச்சத்தில் இருப்பவளுக்குக் கொடுக்கும் உறுதிமொழியாகவும் ஒலிக்கின்றன. அதன்பிறகு உவமைக்கு வாருங்கள். ‘செம்புலப் பெயல்நீர்’ உவமை. ‘போல’ உவம உருபு. அன்புடைய நெஞ்சங்கள் பொருள். பொதுத்தன்மை எது என்று கேட்டால், ‘கலத்தல்’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். மழை பெய்து ஓய்ந்ததும் உங்கள் ஊர்ச் செம்மண் காட்டிலிருந்து ஓடிவரும் நீரை ஒரு சொம்பில் பிடித்துப் பாருங்கள். மண்ணின் நிறம் நீருக்கு ஏறியிருக்கும். எது வானத்து நீர், எது நிலத்துச் சாயம் என்று கையால் பிரிக்க முடியாது. பிரிவை அஞ்சுபவளிடம் சொல்வதற்கு இந்தப் பிரிக்கவியலாமைதான் தேவைப்படுகிறது. கூற்றை அறிந்ததனால்தான் உவமையின் பொதுத்தன்மையும் நமக்குப் பிடிபட்டது.

கேள்வி: உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் வேறுபாடு கேட்டால் மாணவர்கள் இரண்டையும் ‘மறைபொருள்’ என்று எழுதிவிடுகிறார்கள். எளிதாக விளக்க வழியுண்டா?
– தமிழாசிரியர், தாராபுரம்

பதில்: இரண்டும் கருப்பொருளை, அதாவது நிலத்துக்குரிய விலங்கு, மரம் போன்றவற்றை, வைத்தே பேசுவதால் இந்தக் குழப்பம் இயல்பானதே. ஈடு வைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறுந்தொகை 8இல், வயலோர மாமரத்தில் விளைந்து உதிரும் இனிய பழத்தைப் பொய்கையின் வாளைமீன் கவ்வும் ஊரன் என்று, தலைவன் மனைவியல்லாமல் நாடும் காதற்பரத்தை பேசுகிறாள். பழத்துக்குத் தலைவன், முயற்சியின்றி அதைப் பெறும் வாளைக்குப் பரத்தை என்று ஒன்றுக்கு ஒன்று ஈடு கிடைக்கிறது. இது உள்ளுறை.

குறுந்தொகை 37இல், தலைவன் சென்ற பாலை வழியில், பிடியின் (பெண்யானையின்) பசியைப் போக்க ஆண்யானை யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. விரைவில் வந்துவிடுவார் என்று தலைவியைத் தேற்றும் தோழி இதைச் சொல்கிறாள். வேழம் தலைவன், பிடி தலைவி என்று இங்கும் ஈடு வைக்கலாமே என்று கூர்மையான மாணவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். அப்படியானால் பட்டை உரிக்கப்பட்ட யா மரம் எது? தலைவன் அங்கே உணவூட்டவில்லை. அந்தக் காட்சியைக் காண்பவனாக இருக்கிறான். கண்டவனுக்கு வீட்டு நினைவு வரும், திரும்புவான் என்பது காட்சிக்குப் புறத்தே எழும் பொருள். தொல்காப்பியம் இறைச்சியைப் ‘பொருட் புறத்ததுவே’ என்பது இதைத்தான். எல்லாப் பாடலும் இப்படித் தெளிவாகப் பிரிந்து நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன்; உரைகாரர்களே முரண்படும் இடங்கள் உண்டு. அத்தகைய பாடல்களை முதல் வகுப்பிலேயே கொடுக்காதீர்கள்.

கேள்வி: சென்னையில் வளர்ந்து, திருமணமாகித் திருப்பூருக்கு வந்தவள் நான். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ படிக்கிறேன். வட்டாரச் சொற்கள் தடுக்கின்றன. அகராதியுடன் உட்கார வேண்டுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: 1942இல் வெளிவந்த நாவல் அது. தெரியாத சொல் உங்களை ஏமாற்றாது, கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்தான் ஏமாற்றும். கொங்கு உழவர் பேச்சில் ‘காடு’ என்பது பெரும்பாலும் மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனம் உள்ளது ‘தோட்டம்’. ‘காட்டுக்குப் போனான்’ என்று படிக்கும்போது வனத்தை நினைத்துக்கொண்டால், நிலத்தைச் சுற்றியே நகரும் கதையில் நிலமே மறைந்துபோகும். இவற்றைத் திசைச்சொல் என்று நன்னூல் வகைப்படுத்தும். அதை எழுதிய பவணந்தியாரின் ஊரே பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்பர். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி உதவும். ஆனால் முதல் வாசிப்பில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு மேலே செல்லுங்கள், பிறகு மாமியாரிடம் கேளுங்கள். குறிப்பாக ‘நோம்பி’யைக் கேளுங்கள். ‘நோன்பு’ என்பதன் திரிபுதான் அது. ஆனால் இங்கே திருவிழாவுக்கே அந்தப் பெயர். வேர்ச்சொல்லை நம்பி விரதம் என்று எண்ணியிருந்தால், நோம்பியன்று அடுப்பில் கறி வேகும் வாசனை வரும்போது திகைத்துப் போவீர்கள்.