ஏபிகே நீக்கும் முன் பேங்க்கைப் பாருங்கள்

வணக்கம் ப்ரோ. அம்மாபேட்டையில் இருக்கும் அப்பா வாட்ஸ்அப்பில் போக்குவரத்து அபராத நோட்டீஸ் போல வந்த 'ஆர்டிஓ சலான்' ஏபிகேவை (ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பைப் போடும் ஃபைல்) தொட்டுவிட்டார், அப்போதிலிருந்து ஓடிபி வருவதில்லை, ஆப்பும் அழிய மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

இது சிக்னல் கோளாறு இல்லை. எஸ்எம்எஸ் அனுமதியை வாங்கிக்கொண்ட அந்த ஆப், வருகிற ஓடிபியைத் திருடனுக்கு அனுப்பிவிட்டு இங்கே மறைத்துவிடும். போனை உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் வேண்டாம்.

அடுத்து வேறு போனிலிருந்து பேங்க்கைக் கூப்பிட்டு யுபிஐ, நெட்பேங்கிங், கார்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நம்பரை ஏடிஎம் கார்டின் பின்பக்கம் பாருங்கள். கூகுளில் தேடினால் போலி கஸ்டமர் கேரில் மாட்டலாம், அது தனிக் கூத்து. ஒரு ரூபாய் போயிருந்தாலும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான், போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க வாய்ப்பு.

பிறகு போனை சேஃப் மோடில் (நாம் போட்ட ஆப்கள் ஓடாத நிலை) திறந்து, செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' (போனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்ற ஆப்கள்) பட்டியலிலும் அக்சசிபிலிட்டியிலும் அந்த ஆப்பை அணையுங்கள். அப்புறம்தான் அன்இன்ஸ்டால் வேலை செய்யும். ஐகான் தெரியாவிட்டால் முழு ஆப் பட்டியலில் தேடுங்கள். நானாக இருந்தால் போட்டோக்களை எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட்டே செய்துவிடுவேன். நெட்வொர்க் வந்ததும் ##002# அடித்து கால் ஃபார்வர்டிங்கை (வரும் அழைப்பு வேறு நம்பருக்குத் திரும்புவதை) ரத்து செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். அதே ஃபைல் அப்பா பெயரில் சொந்தக்காரர்களுக்கும் போயிருக்கலாம், சொல்லிவையுங்கள்.

அந்தப் போலி சலானில் ஏற்காடு மலைப்பாதையில் அதிவேகமாம்! டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் யார் பறக்கிறார்கள்? நிஜ சலானா என்பதை அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி விவரம் போட்டுப் பார்க்கலாம். போன் என்ன மாடல்? சேஃப் மோடு வழி அதற்கேற்ப மாறும்.