பந்தற்காலில் குடியிருக்கும் கருவண்டு

கேள்வி: பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. பங்குனி பிறந்ததும் எங்கள் முன்வாசல் மல்லிகைப் பந்தல் பூக்கத் தொடங்கிவிட்டது. அதன் நிழலில் புத்தகத்தோடு உட்கார்ந்தால், பெரிய கருவண்டு ஒன்று காதருகே ரீங்காரமிட்டுச் சுற்றுகிறது. கறிவேப்பிலையில் புழு, ரோஜா இலையோரமெல்லாம் வெட்டு. மருந்தடித்துவிடலாம் என்கிறான் மகன். அடிக்கலாமா? அங்கே அமர்ந்து படிக்க எதையாவது சொல்லுங்களேன்.
– வாசகி, காட்பாடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மருந்து வேண்டாம். நாற்காலியை மட்டும் பந்தற்காலிலிருந்து ஆறடி தள்ளிப் போடுங்கள்.

அந்தக் கருவண்டு மல்லிகைக்காக வரவில்லை. பெரும்பாலும் உங்கள் பந்தலின் காய்ந்த மூங்கிலுக்காகத்தான் வந்திருக்கும். மூங்கிலின் அடியில் வெளிர்மஞ்சளாக மரத்தூள் உதிர்ந்து கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதற்கு நேர் மேலே, தச்சர் துளையிட்டதுபோல் வட்டமாக ஒரு வாசல் தெரியும். உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் மகரந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிடும். வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீ இனம். தச்சுத் தேனீ என்பார்கள். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினாலொழிய எளிதில் கொட்டாது. மூங்கில் வலுவிழந்துவிடும் என்று அஞ்சினால், கல்தூண் நட்டுக்கொண்டு, பழைய மூங்கிலை வேலியோரம் சாய்த்து வையுங்கள்.

அதற்கு நாம் படும் கடனும் ஒன்று உண்டு. கத்தரிப் பூவின் மகரந்தம் எளிதில் உதிராது. இவ்வினம் பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைக்கும்போதுதான் பொலபொலவென்று கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை வராது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியின் பூவிலும் இதே கதைதான்.

ரோஜா இலையோரத்தில் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் அரைவட்டமாக வெட்டியிருந்தால், அது இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்கு மெத்தை தைக்க எடுத்துச் சென்ற துணி, செடிக்குக் கேடில்லை. கறிவேப்பிலைப் புழு சிறிதாக இருக்கையில் பறவை எச்சம்போலவும், வளர்ந்தபின் பச்சையாகவும் இருந்தால், அது பட்டாம்பூச்சியாகப் போகிறது. செடி சிறிதென்றால் இலையோடு கிள்ளி எலுமிச்சை மரத்தில் விடுங்கள், அதையும் தின்னும்.

கவனிக்க வேண்டியது மொக்குப்புழு ஒன்றையே. மல்லிகை மொக்கு ஊதா நிறமாகிக் கருகினால், அவற்றைப் பறித்து அழித்துவிடுங்கள். மிகுந்துவிட்டால், லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, பொழுது சாய்ந்தபின் தெளியுங்கள். இவ்வளவு வற்புறுத்தக் காரணம், ஒரு கோடையில் நான் காலை வேளையில் கடைமருந்தை அடித்துவிட்டு, மகரந்தம் சேர்க்கத் தேனீ வராமல் பூசணிப் பிஞ்சுகளெல்லாம் வெம்பி உதிர்ந்ததைப் பார்த்தவள்.

படிப்பதற்கு மாலை 5.30க்கு மேல் அமருங்கள். வண்டின் நடமாட்டம் அடங்கும். மொக்கவிழும் மணமும் வரும். பகலில் வாங்கிய சூட்டை நம் மலைப்பாறைகள் எளிதில் விடமாட்டா என்பது தெரிந்ததே. மே 4இல் கத்திரி பிறந்ததும் விடிகாலைக்கு மாறிக்கொள்ளலாம்.

நிமிடத்துக்கொருமுறை கண் பூப்பக்கம் போகுமிடத்தில் தடித்த நாவல் ஒத்துவராது. மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகள் சிறியவை. ஒன்றை முடித்து நிமிரலாம். இன்னும் கொஞ்சம் துணிந்தால், கபிலர் 99 பூக்களை அடுக்கும் குறிஞ்சிப்பாட்டை உரையோடு எடுத்துக்கொண்டு, காட்பாடியில் கண்டவற்றைப் பென்சிலால் குறித்து வாருங்கள். சித்திரையில் சரக்கொன்றை பூத்ததும் கொன்றைக்குக் கோடு போட்டுவிடலாம். சங்கப் பாடல்களில் தும்பி என்று வந்தால், சிறுவயதில் வாலில் நூல்கட்டிப் பறக்கவிட்டோமே, அதுவென்று எண்ணிவிடாதீர்கள். அங்கே அது தேன் தேடி வரும் வண்டு, உங்கள் பந்தற்காலில் இருப்பதற்கு உறவுமுறை.