தெரப்பிக்குப் போக முதல் காசுக் கதையைக் கேளுங்கள்

தங்கச்சி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், இரவில் நித்திரையில்லை, குடும்ப வைத்தியர் தெரப்பிக்கு, அதாவது கதைத்துச் செய்யும் உளச்சிகிச்சைக்குப் போகச் சொல்லியிருக்கிறார், போன் பண்ணினால் ஒரு தடவைக்கு 160 டொலர் என்கிறார்கள், இது கட்டுப்படியாகுமா, கணவரின் காப்புறுதியில் போட்டால் அவருக்குத் தெரியவருமா என்று கேட்டிருந்தீர்கள். ஆறு வருடத்துக்கு முதல் இதே கேள்விகளை நான் யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு நிறைய விலை கொடுத்தேன். அதனால் உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் ஹெல்த் கார்டைக் காட்டினால் குடும்ப வைத்தியரும், அவர் அனுப்பிவைக்கும் மனநல மருத்துவரும் இலவசம். தனியாகத் தொழில் செய்யும் உளவியலாளர், பதிவுபெற்ற சைக்கோதெரப்பிஸ்ட், சமூகப் பணியாளர் மூவருக்கும் கார்ட் செல்லாது. உளவியலாளரிடம் 225 டொலருக்குக் குறைவாக நான் பார்த்ததில்லை. மற்ற இருவரிடமும் 130 முதல் 180 வரை. அந்த ஒரு தடவை என்பதும் 50 நிமிடம்தான்.

நான் இடறியது இங்கேதான். வேலையிடத்தில் காப்புறுதி இருக்கிறது, அவர்கள் தருவார்கள் என்று நம்பி ஒரு சைக்கோதெரப்பிஸ்டிடம் நாலு தடவை போனேன். நல்ல மனிசி. பற்றுச்சீட்டுகளை அனுப்பினால் ஒரு சதமும் வரவில்லை. என்னுடைய திட்டத்தில் உளவியலாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் மட்டும்தான் இடம் என்று கையேட்டில் ஒரு சின்ன வரி இருந்திருக்கிறது. கையிலிருந்து 560 டொலர் போனது. அந்த வெட்கத்தில் அவவிடம் காரணம்கூடச் சொல்லாமல் நின்றுவிட்டேன். திரும்பத் தொடங்க ஒன்றரை வருடம் எடுத்தது. காசை விட அந்த ஒன்றரை வருடம்தான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

ஆகவே கையேட்டை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: எந்தப் பட்டம் உள்ளவருக்குக் காசு தருகிறார்கள், வருடத்துக்கு எவ்வளவு, அந்த வருடம் எப்போது தொடங்குகிறது. 800 டொலர் என்றால் 160 படி ஐந்து தடவை. பல திட்டங்களில் தை (ஜனவரி) முதலாம் திகதி கணக்குப் புதிதாகும். கார்த்திகையில் (நவம்பரில்) தொடங்கினால் இரண்டு வருடத்துக் காசும் அடுத்தடுத்துக் கைகொடுக்கும். முதல் மாதம் கிழமைக்கு ஒருக்கா, பிறகு இரண்டு கிழமைக்கு ஒருக்கா என்று போகலாமா என்று தெரப்பிஸ்டிடமே கேளுங்கள். 2024 ஆனி (ஜூன்) 20 முதல் சைக்கோதெரப்பிக்கு எச்எஸ்டி என்ற விற்பனை வரி இல்லை, யாராவது 13 வீதம் சேர்த்துக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கையிலிருந்து கட்டியதன் பற்றுச்சீட்டுகளை வரிக் கணக்குக்கு எடுத்து வையுங்கள், மருத்துவச் செலவில் காட்டலாம்.

பலர் காசு வாங்காமல் 15 நிமிடம் போனில் கதைப்பார்கள். வருமானத்துக்கு ஏற்பக் குறைப்பீர்களா, வரமுடியாமல் போனால் எவ்வளவு நேரத்துக்கு முன் சொல்லவேண்டும் என்பதை அப்போதே கேளுங்கள். 24 மணி, சிலரிடம் 48 மணி. தவறினால் முழுக்காசும் போகும். காசைப் பற்றிக் கேட்டால் மரியாதையில்லை என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். அப்படியில்லை, அவர்களுக்கு அது தினமும் கேட்கும் கேள்வி. படித்து முடிக்கும் தறுவாயில் மேற்பார்வையோடு வேலை செய்பவர்கள் இன்னும் குறைவாக வாங்குவார்கள். பெயரைச் சைக்கோதெரப்பிஸ்ட்களின் கல்லூரிப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்; கல்லூரி என்றால் இங்கே படிக்கும் இடமில்லை, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. பதற்றம், மனச்சோர்வு என்றால் மாகாணத்தின் இலவச உளச்சிகிச்சைத் திட்டம் ஒன்றும் உண்டு. அதற்கும் உங்கள் வைத்தியரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், காத்திருக்கும் நேரம் வீணாகாது.

தமிழ் ஆளா, வேறு ஆளா? ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து நான் முதலில் வேறு ஆளிடம்தான் போனேன். “மனம் புழுங்குது” என்பதை ஆங்கிலத்தில் சொல்லவே பத்து நிமிடம் போனது. இரண்டாவது தடவை தமிழ் கதைக்கும் ஒருவரைப் பிடித்தேன். வேலை முடிந்து, கடைத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடி போனில் கதைப்பேன். அம்மாவின் செத்தவீட்டுக்குப் போகமுடியாத கதையை அங்கேதான் முதன்முதலாக முழுதாகச் சொன்னேன். அவர் இரகசியம் காக்கச் சட்டப்படி கட்டுப்பட்டவர். உயிராபத்து, பிள்ளைக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு.

கணவர் விஷயம். நீங்கள் கதைப்பது எதுவும் அவருக்குப் போகாது. ஆனால் திட்டம் அவர் பெயரில் என்றால் எந்தத் திகதி, எந்தச் சேவைக்கு, எவ்வளவு என்பது பெரும்பாலும் அவர் கணக்கில் தெரியும். அவருக்கு இப்போது தெரியவேண்டாம் என்றால் முதல் சில தடவை கையால் கட்டுங்கள், பற்றுச்சீட்டை வைத்திருங்கள், குறித்த காலத்துக்குள் பிறகும் அனுப்பலாம். அந்தக் காலம் எவ்வளவு என்பதும் அதே கையேட்டில் இருக்கும்.

இதெல்லாம் ஒழுங்காகும் முன் ஒரு இரவு தாங்கமுடியாமல் வந்தால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு அடியுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசில்லை. கையேட்டில் விளங்காத வரி இருந்தால் அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.