பூட்டு, சாவி, கதவு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வீட்டுக் கதவிலிருந்து பள்ளிக்கூட கேட் வரைக்கும் பலரும் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பூட்டு மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சார், யாராலும் உடைக்க முடியாத பூட்டாக ஒன்று வாங்க வேண்டும். எது நல்லது?

பூட்டு அப்புறம். முதலில் கதவைத் திறந்து வைத்துவிட்டு நிலையைப் பாருங்கள். பூட்டின் நாக்கு போய் உட்காரும் இடத்தில் ஒரு தகடு இருக்கும். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவில் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுங்கள். பல வீடுகளில் அது விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளமாக இருக்கும். கதவை எட்டி உதைத்தால் பூட்டு உடையாது. அந்தக் குட்டி ஸ்க்ரூ பிடித்திருக்கும் மரம் பிளந்துகொண்டு வரும், பூட்டு கதவிலேயே நல்லபடியாக இருக்கும்.

அதனால் கனமான தகடாக மாற்றி, 75 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். நிலைக்குப் பின்னால் மரச்சட்டம் இருந்தால் அதுவரை இறங்க வேண்டும். சுவர் இருந்தால் ஆங்கர் போட்டுச் சுவரோடு பிடிக்க வேண்டும். கீல்களுக்கும் அதே மாதிரி செய்யுங்கள்.

இன்னொரு சோதனை. நாக்கின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டுங்கள். பிறகு திறந்து நிலையில் உள்ள துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துளையின் அடியில் வெள்ளை ஒட்டியிருந்தால் துளைக்கு ஆழம் போதவில்லை, நாக்கு பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். டெட்போல்ட் என்பது சாவியையோ குமிழையோ திருப்பினால் மட்டுமே நாக்கு நகரும் பூட்டு. நல்ல டெட்போல்ட்டின் நாக்கு 25 மி.மீ. வெளியே வரும். அது முழுதாக உள்ளே போனால்தான் பயன். உளி எடுத்துத் துளையை ஆழப்படுத்தினால் போதும். புதுப் பூட்டு வாங்குவதைவிட இது முக்கியமான வேலை.

சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு எங்களுடையது. சாவியை உள்ளே விட்டுவிட்டேன். வந்தவர் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி நொடியில் திறந்துவிட்டார். இவ்வளவுதானா பாதுகாப்பு?

நாக்கை உற்றுப் பாருங்கள். சரிவான நாக்குக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு சின்ன நாக்கு இருக்கிறதா? கதவு சாத்தியிருக்கும்போது அந்தச் சின்ன நாக்கு தகட்டில் மோதி அமுங்கியே இருக்க வேண்டும். அது அமுங்கியிருக்கும்வரை பெரிய நாக்கை அட்டையால் தள்ள முடியாது. தகட்டின் துளை பெரிதாக இருந்தாலோ, கதவு இறங்கிவிட்டாலோ இரண்டு நாக்கும் சேர்ந்து துளைக்குள் விழுந்துவிடும். அப்போது காவல் போய்விட்டது. தகட்டை நகர்த்திப் பொருத்தினால் சரியாகிவிடும். சின்ன நாக்கே இல்லாத பூட்டு என்றால், அது கதவு காற்றில் திறக்காமல் இருக்க மட்டும்தான். கூடவே ஒரு டெட்போல்ட் கட்டாயம் வேண்டும்.

சாவியைச் சொருகித் தட்டினாலே பூட்டு திறக்கிற வீடியோ பார்த்தேன். உண்மையா?

உண்மைதான். இன்று பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் இருக்கும் சிலிண்டர், அதாவது சாவி நுழைந்து சுழலும் உருளைப் பகுதி, லைனஸ் யேல் ஜூனியர் என்ற அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழியில் வந்தது. உள்ளே ஸ்பிரிங் வைத்த பின்கள், மேலொன்று கீழொன்றாக ஜோடி ஜோடியாக, வரிசையாக நிற்கும். சரியான சாவி போனால் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் ஒரே கோட்டுக்கு வரும், சிலிண்டர் சுழலும். தட்டும்போது மேல் பின்கள் ஒரு கணம் துள்ளி அந்தக் கோட்டுக்கு மேலே போய்விடுவதால்தான் திறக்கிறது. இதைத் தடுக்கும் வகையில் செய்த சிலிண்டர்கள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

திறக்கவே முடியாத பூட்டு என்று எதுவும் இல்லை. லண்டனில் பிரமா நிறுவனம் தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி (பழைய இங்கிலாந்துப் பணம்) பரிசு என்று பல வருடம் சவால் விட்டிருந்தது. 1851-ல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். ஆனால் அவருக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. பூட்டால் நாம் வாங்குவது அந்த நேரத்தைத்தான்.

உங்கள் கதவில் இருப்பது யூரோ சிலிண்டர் (கதவின் இரு பக்கமும் ஊடுருவிப் போய், நடுவில் ஒரு ஸ்க்ரூவால் பிடிக்கப்பட்டிருக்கும் வகை) என்றால், தட்டித் திறக்கும் அந்தச் சாவியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதன் நடுவில் ஸ்க்ரூ போகும் இடம் மெல்லியது. சிலிண்டர் கைப்பிடித் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், இடுக்கியால் பிடித்து அங்கேயே முறித்துவிடலாம். சரியான அளவில், முறிவைத் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றுங்கள்.

வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறோம். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை.

வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு சிலிண்டரை மாற்றுங்கள். முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. உள்ளே உள்ள பின்களை மட்டும் மாற்றிப் புதுச் சாவி செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்புறம், புதுச் சாவியைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். 2008-லேயே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ஆய்வாளர்கள், ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளியிருந்த மொட்டைமாடியிலிருந்து எடுத்த படத்தை வைத்தே சாவியின் வெட்டுகளைக் கணித்துக் காட்டினார்கள்.

எண் அழுத்தும் பூட்டு போடலாமா?

போடலாம். கம்பெனி கொடுத்த எண்ணை முதல் நாளே மாற்றுங்கள், பட்டன்களை அடிக்கடி துடையுங்கள். நான்கு பட்டன் மட்டும் தேய்ந்திருந்தால், நாலிலக்க எண்ணுக்கு 24 வழிதான் மிச்சம். நின்று அழுத்திப் பார்த்தே திறந்துவிடலாம். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறேன். பிள்ளைகள் நழுவிப் போகாமலும் வெளியாட்கள் நுழையாமலும் இருக்க, பின்வாசலுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறோம். சாவி வாட்ச்மேனிடம். இது சரியா?

சரியில்லை. தயவுசெய்து நாளைக்கே அந்தச் சங்கிலியை எடுங்கள். நெருப்புப் பிடித்தால் அந்த வாட்ச்மேன் எங்கே இருப்பார், புகையில் சாவியை எப்படித் துழாவுவார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா நாடக அரங்கு எரிந்தபோது 600 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பல கதவுகள் பூட்டியிருந்தன. சிலவற்றின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்றே கூட்டத்துக்குத் தெரியவில்லை. கார்ல் பிரின்ஸ்லர் என்ற வியாபாரி அன்று அங்கே போயிருக்க வேண்டியவர், வேலை வந்ததால் போகவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு அவர் முயற்சியில் உருவாகி, 1908-ல் விற்பனைக்கு வந்ததுதான் கதவின் குறுக்கே இருக்கும் தள்ளுகம்பி. வெளியிலிருந்து பார்த்தால் அது பூட்டிய கதவு. உள்ளிருந்து ஒரு குழந்தை உடம்பால் சாய்ந்தாலே திறக்கும்.

உங்கள் பின்வாசலுக்கு வேண்டியது அதுதான். பிள்ளைகள் நழுவுவார்கள் என்ற கவலைக்கு, திறந்தவுடன் அலறும் மணியைக் கதவில் வையுங்கள். வெளியாட்கள் விஷயத்தில், வருபவர் எல்லாரும் ஒரே வாசல் வழியாக, ஒருவர் கண்ணில் பட்டு வரும்படி செய்யுங்கள். மற்றக் கதவுகளில் வெளிப்பக்கம் கைப்பிடியே வேண்டாம். காற்றுக்காகக் கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து வைக்கும் பழக்கத்தை மட்டும் அனுமதிக்கவே கூடாது. எந்தப் பூட்டையும் அந்தக் கல் தோற்கடித்துவிடும்.

வகுப்பறைக் கதவை உள்ளிருந்து பூட்ட ஒரு தாழ்ப்பாள் அடித்துவிடலாமா? நான் ஆசிரியை.

தாழ்ப்பாள் வேண்டாம் டீச்சர். ஒரு மாணவனை உள்ளே தள்ளி இன்னொருவன் தாழ் போட்டுவிட்டால் வெளியிலிருந்து உங்களால் திறக்க முடியாது. ஆனால் உங்கள் கவலை நியாயமானது. பழைய வகுப்பறைப் பூட்டுகளை வெளிப்பக்கம் வந்துதான் பூட்ட முடியும், ஆபத்து நேரத்தில் ஆசிரியரே வராந்தாவில் நிற்க வேண்டியிருக்கும். 2012-ல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டை ஆராய்ந்த ஆணையம், வகுப்பறைகளை உள்ளிருந்து பூட்ட வசதி வேண்டும் என்று 2015 அறிக்கையில் வலியுறுத்தியது. அதற்கென்றே பூட்டு இருக்கிறது. உள்ளே சாவி திருப்பினால் வெளிக் கைப்பிடி செயல்படாது. உள் கைப்பிடியை ஒரே தடவை அழுத்தினால் எப்போதும் திறக்கும். பள்ளியின் சாவி இருப்பவர் வெளியிலிருந்தும் திறக்கலாம். இந்த மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் பள்ளியில் மாஸ்டர் சாவி ஒன்று காணாமல் போய்விட்டது. எல்லாப் பூட்டையும் மாற்ற வேண்டுமா?

அது திறக்கும் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும். வெளிவாசல்களில் ஆரம்பியுங்கள், பிறகு ஆய்வகம், அலுவலக அறை. தொலையாவிட்டாலும் ஆபத்து உண்டு. ஒரே ஒரு அறையின் சாவியும் அதன் பூட்டும் கையில் இருந்தால், சில வெற்றுச் சாவிகளை வெட்டிப் பார்த்தே மாஸ்டர் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று மேட் பிளேஸ் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 2003-ல் விளக்கமாக வெளியிட்டார். ஆகவே அலுவலக அறை, பதிவேடுகள் இருக்கும் அறை, மருந்து அலமாரி ஆகியவற்றை மாஸ்டர் வரிசையிலேயே சேர்க்காதீர்கள். யாரிடம் எந்தச் சாவி என்று கையெழுத்துடன் நோட்டு வையுங்கள். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் சாவியை வாங்காமல் கணக்கு முடிக்காதீர்கள்.

அட்டை காட்டினால் திறக்கும் முறைக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பாதி தீரும். தொலைந்த அட்டையை உடனே செல்லாததாக்கிவிடலாம், அது பெரிய வசதி. ஆனால் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் சாதா அட்டைகளைச் சின்னக் கருவியால் அப்படியே நகல் எடுத்துவிடலாம். மைஃபேர் கிளாசிக் என்ற வகை அட்டையின் ரகசியக் குறியீடும் 2008-லேயே உடைக்கப்பட்டது. ஏஇஎஸ் (AES) என்ற வலுவான ரகசியக் குறியீட்டு முறையில் பூட்டிய அட்டையாகக் கேளுங்கள். மின்சாரம் போனாலும் உள்ளிருப்பவர்கள் கையாலேயே திறந்துகொண்டு வெளியே வர முடிய வேண்டும்.

அம்மா தனியாக இருக்கிறார். இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டு நல்லதா?

வேண்டாம். இரவில் அவசரத்துக்கு அவர் சாவி தேடக் கூடாது. உள்பக்கம் கையால் திருகும் குமிழ் உள்ளதாகப் போடுங்கள். கதவில் கண்ணாடி இருந்தால், கை விட்டுத் திருக முடியாதபடி கண்ணாடிக்குக் கம்பி வலை கொடுங்கள்.

சாவி சிக்குகிறது. தேங்காயெண்ணெய் விடலாமா?

விடாதீர்கள், தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் பொடி கொஞ்சம் ஊதிவிட்டு, சாவியைப் பலமுறை போட்டு எடுங்கள். கதவு திறந்திருக்கும்போது சாவி லேசாகச் சுழன்று, சாத்தினால் மட்டும் சிக்குகிறதென்றால் பூட்டில் குறையில்லை. கதவு இறங்கியிருக்கிறது. மேல் கீலின் ஸ்க்ரூவை முதலில் முறுக்கிப் பாருங்கள்.