சொல் கேளீர்: ரத்து, முறிவு, துரும்பு

‘விவாகரத்து’ முழுக்க வடசொல்தானே? (தேனி வாசகர்)

பாதிதான். விவாகம் வடமொழி. ‘ரத்து’ அரபியிலிருந்து உருது வழியாகக் கச்சேரித் தமிழுக்கு, அதாவது அரசு அலுவலகத் தமிழுக்கு, வந்தது. தள்ளுதல் என்று பொருள். ரயில் ரத்தும் இதே ரத்துதான். அகராதியைப் புரட்டிவிட்டு எழுதுங்கள்.

‘டைவர்ஸ்’ எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘திவோர்ட்டியும்’. ஆளுக்கொரு பக்கம் திரும்புதல். பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கும், மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் மலைமுகட்டுக்கும் ரோமானியர் இதே சொல்லை வழங்கினார்கள். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலம் ஏறியது.

தலாக்கும் குலாவும் ஒன்றா?

இல்லை. இரண்டும் இஸ்லாமிய மணமுறிவுச் சொற்கள். தலாக் கட்டவிழ்த்து விடுதல், கணவன் சொல்வது. குலா ஆடையைக் களைவதுபோலக் களைதல். மனைவி கேட்டுப் பெறுவது.

நம் முன்னோரிடம் இந்தப் பழக்கமே இல்லை, அதனால்தான் சொல்லும் இல்லை. சரிதானே?

மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. படிக்கும்போதெல்லாம் மனம் நோகிறது. ‘தீர்த்துவிட்டான்’, ‘அறுத்துக்கட்டினாள்’ என்று ஊரில் நீங்கள் கேட்டதே இல்லையா? மதுரைச் சீமையில் சாதிக்கூட்டத்தின் முன்னால் கணவன் ஒரு துரும்பை எடுத்து மனைவி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் உறவு தீர்ந்தது. துரும்பு கொடுத்தல் என்றாலே மனைவியைத் தீர்த்தல், வாங்குதல் என்றால் அதற்கு இசைதல். 100 ஆண்டுக்கு முந்தைய பதிவுகளிலேயே இது இருக்கிறது. வடமொழியில் அர்த்தசாஸ்திரம் இதற்கு ‘மோட்சம்’, அதாவது விடுதலை, என்று பெயர் வைத்தது: இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு வெறுப்பென்றால் மோட்சம் உண்டு, தர்ம விவாகங்கள் என்று அது உயர்வாக வைத்த மணமுறைகளுக்கு மட்டும் கிடையாது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் 29ஆம் பிரிவில் வழக்காற்று மணமுறிவைக் கைவிடவில்லை. சில வீடுகளில் இல்லாததை ஊருக்கே இல்லை என்று ஆக்கினோம். மறுபடி வாழப் போன பெண்ணைக் குறித்த ‘அறுத்துக்கட்டினவள்’ அதனால்தான் வசையாகிவிட்டது. அதை வசையாக எழுதாதீர்கள்.

பிரிந்து 7 ஆண்டாகிறது. படிவத்தில் ‘விவாகரத்தானவர்’ என்று போடலாமா?

கூடாது. எத்தனை முறை எழுதுவது? பிரிவு வேறு, முறிவு வேறு. எத்தனை ஆண்டு தனியாக இருந்தாலும் மணம் தானாக முறியாது. அதே சட்டத்தில் 10ஆம் பிரிவு நீதிமுறைப் பிரிவு, 13 மணமுறிவு; சம்மதத்தோடு முறிக்கும் 13பி 1976இல் சேர்ந்தது. நீதிமன்றத் தீர்ப்பாணை கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மணமுறிவா, மணவிலக்கா?

இரண்டும் சரி. நான் எழுதுவது மணமுறிவு. விலக்கு என்றால் ஒருவர் மற்றவரைத் தள்ளிவைத்ததுபோல ஒலிக்கிறது.