மெய்ன் 2-ஆம் தொகுதி, 2018: உங்கள் கணக்கில் 50% ஏன் வரவில்லை?

இது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள நாடாளுமன்றக் கீழவைத் தொகுதி. வென்றவர் கோல்டன், தோற்றவர் போலிக்வின். கோல்டனின் இறுதி வாக்கு 1,42,440-ஐ முதல் சுற்றின் மொத்தமான 2,89,624-ஆல் வகுத்திருக்கிறீர்கள், அதனால்தான் 49.18% வருகிறது. பிழை வகுக்கும் எண்ணில் இருக்கிறது. இங்கே விருப்ப வரிசை வாக்குமுறை: வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்கள்; யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவர்களை நீக்கி, அவர்கள் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இதில் கடைசிச் சுற்றில் உயிரோடு இருக்கும், அதாவது மிஞ்சிய இருவரில் ஒருவருக்குச் சேரும் சீட்டுகள்தான் கணக்கு: 1,42,440 + 1,38,931 = 2,81,371. இப்போது வகுத்துப் பாருங்கள், 50.62%.

காணாமல்போன 8,253 சீட்டுகள்? முதல் சுற்றில் போலிக்வின் 1,34,184, கோல்டன் 1,32,013. மற்ற இரு வேட்பாளர்களான பாண்ட் (16,552), ஹோர் (6,875) இருவரையும் ஒரே சுற்றில் நீக்கினார்கள், ஏனென்றால் இருவர் வாக்கையும் சேர்த்தாலும் இரண்டாம் இடத்தை எட்டாது. அந்த 23,427 சீட்டில் கோல்டனுக்கு 10,427, போலிக்வினுக்கு 4,747. மீதி 8,253-இல் கோல்டன், போலிக்வின் இருவருக்கும் செல்லுபடியாகும் அடுத்த விருப்பம் இல்லை. பலர் ஒரே ஒருவரைக் குறித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஒரே வரிசை எண்ணில் இரண்டு பேரைக் குறித்தாலும் சீட்டு அங்கேயே நின்றுவிடும். ஒரு வரிசையை மட்டும் காலியாக விட்டால் பரவாயில்லை, அடுத்தது எண்ணப்படும். அடுத்தடுத்து இரண்டு காலி என்றால் போச்சு.

முடிவு வர ஒன்பது நாள் ஆனதில் சதி ஒன்றும் இல்லை. பரந்த கிராமப்புறத் தொகுதி, சிற்றூர்கள் பலவற்றில் கையால்தான் எண்ணுவார்கள், அதுவும் முதல் விருப்பத்தை மட்டும். அந்தச் சீட்டுகளைத் தலைநகர் அகஸ்டாவுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்த பிறகே மறுசுற்று ஓடும்.

மெய்ன் ஆளுநர் தேர்தல் எண்களை இதே தாளில் போடாதீர்கள். பொதுத்தேர்தலில் அதற்கு இந்த முறை கிடையாது. அதிக வாக்கு பெற்றவரே வென்றவர்.